ஜெப நேரத்தில் கண் திறந்திருந்தவர்கள்

10 ஜூலை 2024, புதன்.
ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். சிறு தவறு என்று எழுதியது சரிதானா என்று நாளை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

ரோகிணி பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு, எழுதியதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபத்தில் கண்ணை மூடுவது எல்லோருக்கும் கடமை. அந்தச் சபையில் அவள் ஒருத்திக்கு மட்டும் அது தவறு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், பூஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் இறங்கி நடந்தால் அந்தச் சபை வரும். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தரையில் கோரைப்பாய். அக்கம்பக்கத்தார் அதைத் தகர சபை என்பார்கள். போதகர் என்று ஒருவரும் கிடையாது. மூன்று மூப்பர்கள் உண்டு, நாற்பத்து மூன்று அங்கத்தினர்கள் உண்டு, பதினான்கு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் உண்டு. அது போதும் என்றுதான் இருபத்தைந்து வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் பகிரும் பந்தி. அன்றைக்கு வந்தவர்களைப் பெயர் பெயராகக் குறிக்க வேண்டும். பாட்டு நேரத்தில் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். பிரசங்க நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். எல்லோரும் ஆடாமல் அசையாமல் இருப்பது மூப்பர் உலகநாதன் செய்யும் நீண்ட ஜெபத்தில்தான். ஆகவே அந்தப் பதினோரு நிமிடமும் ஓரமாக ஸ்டூல் போட்டு, மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஒருத்தர் கண் திறந்திருக்க வேண்டும் என்று விதி. இரண்டு வருஷமாக அந்த ஒருத்தர் ரோகிணி.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று வெளியே சொன்னதில்லை. நாற்பது முகங்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடுவதை அவள் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கல்பாக்கத்து ஆபீசர் முகமும் லாரி டிரைவர் முகமும் அப்போது ஒன்றுபோல இருக்கும். உதடுகள் மட்டும் லேசாக அசையும். கிழக்குப் பக்கத்துப் பின்வாசல் வழியே மணலின் வெளிச்சம் உள்ளே வந்து தரையில் நடுங்கும். எங்கோ தூரத்தில் கடல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கோழி கூவினால்கூட அது தண்ணீருக்கு அடியிலிருந்து கூவுவது போல இருக்கும். ரோகிணி பென்சிலால் ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு வருவாள். தூங்குகிறவர்களின் வீட்டுக்குள் திருடப் போனவள் மாதிரி மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவாள்.

ஜூலை ஏழாம் தேதி அப்படித்தான் தொடங்கியது. உலகநாதன் கடலில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார், ரோட்டில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க போறதுன்னே தெரியாம போய்கினு இருக்கறவங்களுக்காகவும் கேக்குறோம், ஆண்டவரே" என்றார். அது தன்னைத்தான் சொல்கிறது என்று ரோகிணிக்குத் தோன்றியது. பகலில் மருந்துக் கடையில் பில் போடுகிறாள், சாயங்காலம் செங்கல்பட்டில் டைப்பிங் வகுப்பு. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கண் தானாக மூடியது. மூடியதும் உள்ளே ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம், அதில் மிதக்கிற மாதிரி ஒரு சுகம். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவளும் அந்த ஜெபத்துக்குள் இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது உலகநாதன் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் எல்லாப் பெயருக்கும் குறி விழுந்திருந்தது. டைப்பிங் வகுப்பில் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: விசையைப் பார்க்காதே, விரல் தானே போகும். விரல் தானே போயிருக்கிறது. போன மாதம் வந்தவர்களுக்கு வந்த குறி, வராதவர்களுக்கு வராத குறி. ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருப்பது போலிருந்தது. மே மாதமும் ஜூன் மாதமும் வராத விஜயகுமாரி ஜூலையிலும் வரவில்லை.

தொடர்ந்து மூன்று பந்திக்குச் சொல்லாமல் வராதவரின் பெயர் அங்கத்தினர் கூட்டத்தில் வாசிக்கப்படும். அவர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கைதூக்கி, பெயர் நிற்பதா நீங்குவதா என்று முடிவு செய்வார்கள். நீங்கினால் பந்தி இல்லை, கைதூக்கும் உரிமை இல்லை. பின்னால் சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கும் இருபது சென்ட் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. விஜயகுமாரியின் கணவர் ஆனந்தன் அங்கே மூன்றாவது வரிசையில் படுத்திருக்கிறார். இறால் பண்ணையில் வேலை பார்த்தவர், இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவருக்குப் பக்கத்தில் நாலு மூலைக்கு நாலு செங்கல் நட்டு ஆறடி விட்டு வைத்திருக்கிறார்கள். அது விஜயகுமாரியின் இடம். பெயர் போனால் செங்கல்லையும் எடுத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை மூப்பர்கள் சொல்ல, ரோகிணிதான் விஜயகுமாரிக்கு அனுப்பும் கூட்ட அறிவிப்பை வகுப்பு மிஷினில் அடித்தாள். "தங்கள் இல்லத்துக்கு இருமுறை ஆள் வந்தும் பூட்டியிருந்தபடியால்" என்று ஒரு வரி. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்து திருக்கழுக்குன்றம் பஸ் நிலையத்தில் இறங்கியபோது, சிமெண்டு பெஞ்சில் விஜயகுமாரி உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். காலடியில் எவர்சில்வர் தூக்கு, கையில் நாலாக மடித்த அந்தக் காகிதம்.

"இன்னா ரோகிணி, இத்த நீதான் அடிச்சியா?"

"ஆமாக்கா. மூப்பருங்க சொன்னாங்க."

"நல்லாக் கீது. அச்சு மாதிரி கீது." காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். "ஆனா நான் வந்தனே."

"எப்போக்கா?"

"போன ஞாயித்துக்கெழம. ஜெபம் நடந்துகினு இருந்துச்சு. பின்வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன், அப்பால கடைசிப் பாய்ல குந்துனேன். அல்லாரும் கண்ண மூடிகினு இருந்தீங்க. பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. நீ ஒருத்தியாவது பாப்பேன்னு உன் மூஞ்சியப் பாத்தேன். நீயும் மூடிகினுதான் இருந்தே."

ரோகிணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமென் சொல்றதுக்கு முன்ன எழுந்து பூட்டேன்," என்றாள் விஜயகுமாரி. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி."

ரோகிணி பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "எத்தன மணி இருக்கும்க்கா? கடைசிப் பாய்னா வலப்பக்கமா, இடப்பக்கமா? பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டுக் கேட்டு டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டாள். விஜயகுமாரி பொறுமையாகப் பதில் சொன்னாள். பத்தே கால், இடப்பக்கம், பக்கத்தில் யாரும் இல்லை. செங்கல்பட்டு பஸ் வந்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, "செங்கல்ல மட்டும் எடுத்துடாதீங்கன்னு சொல்லு," என்றாள். பஸ் அவளைக் கூட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கும் புகைக்கும் நடுவில் மறைந்தது.

வியாழக்கிழமை ரோகிணி நோட்டைத் திறந்து, முந்தின இரவு எழுதிய வரியில் 'சிறு' என்பதைக் கோடிட்டு அடித்தாள். வேறு என்ன சொல் போடுவது என்று தெரியவில்லை. இடத்தைக் காலியாக விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கல்பாக்கத்துக்குப் போனாள். மூப்பர் ஜெபகுமாருக்கு அங்கே வேலை. சொந்த ஊர் நாசரேத் பக்கம். சபையின் விதிப் புத்தகத்தை எழுதியவரும் அவர்தான், அதை எழுத்துக்கு எழுத்து நடத்துகிறவரும் அவர்தான். வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் ஈஸிசேரில் உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கண்ண ஏம்மா மூடுன? தூங்கிட்டியா?"

"இல்லங்கய்யா."

"பெறகு?"

"ஜெபம் பண்ணிட்டேன்."

ஜெபகுமார் துணிக்கொடிப் பக்கம் திரும்பினார். கொடியில் காய்ந்த வேட்டி காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

"அத நான் எப்படி தப்புன்னு சொல்லுவேன்," என்றார் கடைசியில். "ஆனா பிள்ள, பதிவேட்ட எழுதுனவளே திருத்தக் கூடாது. அது நாமளே வச்ச சட்டம். ஒரு காரியம் நடந்துச்சுன்னா ரெண்டு பேர் பாத்திருக்கணும். அந்த அம்மா ஜெபத்துல இருந்தாங்கன்னா வந்ததாத்தான் கணக்கு, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா யாரு பாத்தா?"

"எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்களே, ஐயா."

"அதான் சங்கடம்," என்றார். "கூட்டத்துல கேட்டுப் பாப்போம். வாய்விட்டுச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்னு பாப்போம்."

பதினான்காம் தேதி ஞாயிறு. ஆராதனை முடிந்து விருந்தாளிகள் போனபின் அங்கத்தினர்கள் மட்டும் பாயில் நெருங்கி உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். விஜயகுமாரி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்கு. பின்வாசல் வழியாக அவளுடைய வெள்ளைச் சேலையின் முனை மட்டும் தெரிந்தது, பறக்கப் பார்த்துப் பறக்காமல் இருந்தது.

ஜெபகுமார் பெயரை வாசித்தார். ரோகிணி எழுந்து நின்றாள். எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தாள், ஆனாலும் தாளைப் பிரிக்கவில்லை. பார்க்காமலே சொன்னாள்: ஏழாம் தேதி ஜெபத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன், பார்க்காமல் குறி போட்டேன், விஜயகுமாரி அக்கா வந்ததாகச் சொல்கிறார்கள், அதை நான் நம்புகிறேன், ஆனால் நான் சாட்சி இல்லை.

"சகோதர சகோதரிகளே," என்றார் ஜெபகுமார். "அன்னைக்கு ஜெப நேரத்துல அந்த அம்மாவக் கண்ணால பாத்தவங்க ரெண்டு பேர் வேணும். பாத்தவங்க சொல்லலாம்."

ஒருவரும் அசையவில்லை. பார்த்தேன் என்று சொன்னால், ஜெபத்தில் கண் திறந்திருந்தேன் என்று அர்த்தம். முப்பத்தெட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டம் முழுக்கத் திரும்பவும் ஜெபத்துக்குள் போய்விட்டது போல இருந்தது. நாலு செங்கல்லும் ஒவ்வொன்றாக மணலிலிருந்து எழும்பி வருவதை ரோகிணி மனசுக்குள் பார்த்தாள்.

"சரி, நான் பாத்தேன்," என்று ஒரு குரல் வந்தது.

குரல் வேண்டா என்ற பெண்ணுடையது. மாமல்லபுரம் பஸ் நிலையத்தருகே இட்லிக் கடை வைத்திருப்பவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா அல்லாரும் என்னையே பாக்குறீங்க? ஆமா, தொறந்துகினுதான் இருந்தேன். புதுச் செருப்பு. முன்னூறு ரூபா. பின்வாசல்ல வுட்டுட்டு வந்துகீறேன். போன மாசம் ஒரு ஜோடி போச்சி. ஆண்டவர் என் ஆத்துமாவப் பாத்துக்குவாரு, செருப்ப யாரு பாப்பா?"

யாரோ சிரித்தார்கள். ஜெபகுமார் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

"யாரப் பாத்தீங்க, சிஸ்டர்?"

"விஜயகுமாரியத்தான். வெள்ள சீல. முக்காடு போட்டுகினு பின்வாசல்ல நின்னா. வெயிலு அவ பின்னால இருந்துச்சா, மூஞ்சி சரியாத் தெரியல. கையில தூக்கு பளபளன்னு மின்னுச்சி. அப்பால கடைசிப் பாய்ல குந்துனா, அப்ப மூஞ்சியும் பாத்தேன். செருப்பத்தான் எடுக்க வந்துட்டாளோன்னு ஒரு நிமிசம் பேஜாராப் போச்சி எனக்கு."

"ஒரு வாரமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவேயில்லயே, பிரதரு. அவ வந்தது பதிவேட்டுல இருக்கும்னுதான நான் நெனச்சிகினு கீறேன்."

ஜெபகுமார் தலையசைத்து ஒன்று என்று எழுதினார். "இன்னொருத்தர்?"

அப்போதுதான் ரோகிணி மூப்பர் உலகநாதனைப் பார்த்தாள். படாளத்துக்காரர், இரண்டு லாரி வைத்திருப்பவர், ஆறடி உயரம். அவர் முகம் வெளுத்துப்போய், பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கறுப்பு நோட்ட எடுங்க, பிரதர்," என்றார் ஜெபகுமாரிடம்.

"அது மூப்பர்கள் நோட்டு. இங்க வாசிக்கிறது இல்ல."

"எடுங்க. வாசிங்க."

கறுப்பு நோட்டு என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நல்ல தண்ணீர் ஊற்றைச் சொப்பனத்தில் கண்டதாக மேடையில் சொல்லி, எல்லோரும் சேர்ந்து கிணறு தோண்டி, நாற்பதடியில் உப்புத் தண்ணீர் வந்தது. அதிலிருந்து தரிசனமானாலும் சொப்பனமானாலும் முதலில் மூப்பர்களிடம் சொல்ல வேண்டும், மூன்று பேரும் நிறுத்துப் பார்த்துச் சம்மதித்தால்தான் சபைக்குச் சொல்லலாம். அதற்கான நோட்டு அது.

ஜெபகுமார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"ஜூலை ஏழு. சகோதரன் உலகநாதன் ஜெபத்தின் நடுவில் கண்டது. பின்வாசலில் மிகுந்த வெளிச்சம். அதற்குள் முக்காடிட்ட ஒரு ஸ்திரீ. முகம் தெரியவில்லை. கையில் விளக்கு. பிறகு காணவில்லை. மூப்பர்கள் தீர்மானம்: பொறுத்திருந்து பார்ப்பது."

வாசித்து முடித்தபின் அவரும் பின்வாசலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளைச் சேலை ஆடியது.

"இருவத்தி நாலு வருசமா இந்த எடத்துல நின்னு ஜெபம் பண்றேன்," என்றார் உலகநாதன். லாரிக்காரர் குரல் குழந்தை குரலாகிவிட்டது. "ஒருத்தரு சொப்பனம் கண்டேம்பாரு, ஒருத்தரு சத்தம் கேட்டேம்பாரு. எனக்கு ஒண்ணும் வந்ததில்ல. அன்னிக்குத்தான்… வூட்டுக்குப் போயி அழுதேன். என்னையும் நெனச்சிகினாருன்னு அழுதேன்."

ஜெபகுமார் பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார்:

"பிரதர். நீங்க அதக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தீங்களா, தொறந்து பாத்தீங்களா?"

மூடிக்கொண்டு என்று உலகநாதன் சொல்லியிருந்தால் யாரும் மறுக்க முடியாது. அந்த வெளிச்சமும் விளக்கும் அவருடையதாகவே இருந்திருக்கும். சவுக்குத் தோப்பிலிருந்து வந்த காற்று விதிப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"தொறந்துதான்," என்றார். "நடுவுல தொறப்பேன். எப்பவும் தொறப்பேன். மன்னிச்சிக்குங்க."

"அப்படின்னா அது தரிசனம் இல்ல," என்றார் ஜெபகுமார். "சாட்சி."

நோட்டில் இரண்டு என்று எழுதினார்.

கை தூக்கச் சொன்னபோது ரோகிணி எண்ணினாள். ஒவ்வொரு கையையும் விரல் வரைக்கும் பார்த்து எண்ணினாள். தன்னுடையதோடு முப்பத்தெட்டு. பெயர் நின்றது. இனிமேல் பதிவேட்டுக்கு இரண்டு பேர், ஒருவர் எண்ணும்போது ஒருவர் ஜெபிப்பது, அடுத்த மாதம் மாற்றிக்கொள்வது என்று ஜெபகுமார் சொல்ல, அதற்கும் கை தூக்கினார்கள். இரண்டாவது ஆளாக வேண்டாவைப் போடலாமே என்று யாரோ சொன்னார்கள். "எப்படியும் தொறந்துகினுதான் இருக்கப் போறேன், போட்டுக்குங்க," என்றாள் அவள்.

உலகநாதன் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டா, அது விளக்கு இல்லன்னா… தூக்குதானா?"

"தூக்குதான், பிரதரு. எவர்சில்வரு."

"அதுல இன்னா இருந்துச்சி?"

"சோறுதான் இருக்கும். வேற இன்னா இருக்கும்?"

"யாருக்கு?"

வேண்டாவுக்குத் தெரியவில்லை. ஜெபகுமாருக்கும் தெரியவில்லை. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. டிக்கெட்டின் பின்புறம் எழுதியதெல்லாம் ரோகிணிக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது: பத்தே கால், இடப்பக்கம், கடைசிப் பாய். பஸ் நிலையத்தில் அன்றைக்கும் தூக்கு காலடியில்தான் இருந்தது. மேயிலும் ஜூனிலும் ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. அறிவிப்பிலும் அப்படி ஒரு கேள்வி இல்லை, விதிப் புத்தகத்திலும் இல்லை.

செய்தியைச் சொல்லவாவது முதலில் ஓட வேண்டும் என்று பின்வாசலுக்கு ஓடினாள். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. மணலில் தூக்கின் அடிப்பாகம் பதிந்த ஒரு வட்டம் இருந்தது. சாலையில் செங்கல்பட்டு பஸ் ஒன்று கானலுக்குள் கரைந்துகொண்டிருந்தது. பின்னால் உலகநாதன் வந்து நின்றார். இருவரும் அந்த வெளிச்சத்தைக் கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு என்னவென்று தெரியாமலே விஜயகுமாரி போய்விட்டாள்.

14 ஜூலை 2024, ஞாயிறு.
முப்பத்தெட்டுக் கைகள். இரண்டு முறை எண்ணினேன். விஜயகுமாரி அக்கா வீடு பூட்டியிருக்கிறது, போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, விடியற்காலை சோறு பொங்கத்தான் வருவார்கள், ஆறரைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். இரண்டு முறை போன ஆளும் பகலில்தான் போயிருக்கிறார்.
நாளை, திங்கள்: ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்து ஆறு மணிக்குள் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். பெயர் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சோறு யாருக்கு என்று கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்லும்போது எதையும் எழுதக் கூடாது.